பெயர் எழுதாத சீட்டுகள்

(சிதம்பரத்தில் பெண்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில், கடலூரைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டபோது அமைப்பாளர்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். வாசலில் ஒரு டப்பா வையுங்கள், பக்கத்தில் துண்டுச் சீட்டும் பேனாவும் இருக்கட்டும், பேர் வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதிப் போடச் சொல்லுங்கள் என்று. மைசூர்பாகு டப்பா ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். இப்போதுதான் பின் அறையில் உட்கார்ந்து எல்லாச் சீட்டையும் பிரித்துப் படித்துவிட்டு வருகிறேன். விரலில் இன்னும் நெய் வாசம் போகவில்லை.

முப்பதுக்கு மேல் இருக்கிறது. அத்தனையும் ஒரே உறுப்பைப் பற்றி. ஆனால் ஒரு சீட்டில்கூட அந்த உறுப்பின் பெயர் இல்லை. ‘அந்த எடம்’ என்கிறது ஒன்று. ‘அடியில’ என்கிறது இன்னொன்று. ‘ஒண்ணுக்குப் போற எடத்துல’, ‘லேடீஸ் பார்ட்ல’. கல்லூரிப் பெண் போலிருக்கிறது, ‘இன்டிமேட் ஏரியா’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். அது விளம்பரம் சொல்லிக்கொடுத்த சொல். வீட்டில் யாரும் ஒரு சொல் கொடுக்காததால் சோப்புக் கம்பெனி கொடுத்திருக்கிறது.

நான் பெண்ணுறுப்பு என்றே சொல்லப்போகிறேன். முதல் இரண்டு தடவை கூச்சமாக இருக்கும். மூன்றாவது தடவை முழங்கை, முழங்கால் மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்று பேசப்போவது வெளியே கண்ணுக்குத் தெரியும் தோலைப் பற்றி மட்டும். குழந்தை வரும் பாதை, கர்ப்பப்பை எல்லாம் உள்ளே. அது என் துறையும் இல்லை.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். படித்து முடித்த புதிது, வேறொரு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நாலைந்து மாதமான ஒரு பெண் வெள்ளைப்படுதல் என்று வந்தாள். பரிசோதித்தபோது பெண்ணுறுப்பு வாசலின் இரண்டு பக்கமும், உள் இதழின் உள்புறத்தில், சின்னச் சின்ன விரல் மாதிரி ரோஜா நிற முளைகள் வரிசையாக நின்றன. மரு என்று முடிவு பண்ணிவிட்டேன். சந்தேகம் தீர, வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்தேன். வெளுத்தது. மருதான், உறவின் மூலம் வைரஸ் தொற்றி வருவது என்று சொல்லி, பொடோஃபில்லின் என்ற பழுப்பு மருந்தைத் தடவி அனுப்பினேன். அந்தக் காலத்தில் மருவை எரிக்க அதைத்தான் தடவுவோம்.

அடுத்த வாரம் அவள் நடக்க முடியாமல் வந்தாள். கூட அம்மா மட்டும். புருஷனுக்கு எங்கிருந்து வந்தது, இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இரண்டு வீட்டிலும் சண்டையாகி, அவளை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எங்கள் தலைமை மருத்துவர் கையில் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். என்னையும் பக்கத்தில் குனியச் சொன்னார். “ஒண்ணொண்ணா எண்ண முடியுதா பாரு” என்றார். எண்ண முடிந்தது. ஒவ்வொரு முளைக்கும் தனித்தனி அடி இருந்தது. மரு என்றால் ஒரே அடியிலிருந்து பல விரல் கிளம்பி காலிஃபிளவர் மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் இப்படி ஒழுங்காக வரிசை கட்டாது, கண்ட இடத்தில் முளைக்கும், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். இது பஞ்சு மாதிரி, சுற்றியுள்ள தோலின் அதே நிறம். அமிலத்தில் வெளுப்பதும் சாட்சி ஆகாது; நல்ல தோலும் வெளுக்கும். “நீ எரிச்சது அவளோட தோலம்மா” என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் கணவரையும் மாமியாரையும் வரவழைத்து, அவர்கள் முன்னால் நான் மன்னிப்புக் கேட்டேன். அது மாணவிகளுக்குச் சொல்லும் கதை இல்லை. ஆனாலும் என் மாணவிகள் ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். மருத்துவப் புத்தகத்தில் அதற்கு ‘வெஸ்டிபுலர் பாப்பிலோமட்டோசிஸ்’ என்று வாய் நிறையும் ஒரு பெயர் உண்டு. பெயர் இருப்பதாலேயே அது நோய் என்று நினைத்துவிட வேண்டாம். கன்னத்தில் குழி விழுவது மாதிரி, சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது.

இப்போது சீட்டுகளுக்கு வருகிறேன். அதிகம் பேர் கேட்டிருப்பது பொடிப்பொடியான புள்ளிகளைப் பற்றி. ‘உள்ள ரவை தூவுன மாதிரி மஞ்சளா இருக்கு, கையால தடவுனா தெரியுது, இது ஏதாவது வியாதியா?’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரவை என்ற உவமைக்கு அவருக்கு ஒரு பரிசே கொடுக்கலாம். அது எண்ணெய்ச் சுரப்பி. உடம்பில் மற்ற இடத்தில் எண்ணெய்ச் சுரப்பி முடியின் வேரோடு ஒட்டியிருக்கும். உள் இதழில் முடி கிடையாது, சுரப்பி மட்டும் உண்டு. அதனால் தோலை இழுத்துப் பிடித்தால் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவில் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். 1896-இல் ஜான் அடிசன் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதை உதட்டிலும் வாயிலும் பார்த்து எழுதிவைத்தார். அதனால் ஃபோர்டைஸ் புள்ளி என்று பெயர். வீட்டுக்குப் போய் கண்ணாடியில் மேலுதட்டின் ஓரத்தையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள், உங்களில் நிறையப் பேருக்கு அங்கேயும் இருக்கும். கிள்ளாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். குத்திக்கொண்டு சீழ் பிடித்து வருகிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

வெளி இதழில் கொரகொரப்பு, சுருக்கம், கறுப்பு என்று ஏழெட்டுச் சீட்டு. தாயின் வயிற்றில் முதல் சில வாரங்கள் ஆண் பெண் இரண்டுக்கும் ஒரே அச்சுதான். ஒரே மடிப்புத் தோல், ஆணில் நடுவில் சேர்ந்து விதைப்பை ஆகிறது. பெண்ணில் சேராமல் நின்று வெளி இதழ் ஆகிறது. விதைப்பை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுருங்கி, கறுத்து, முடியோடு. என் இருபத்தாறு வருஷ அனுபவத்தில் ஓர் ஆண்கூட அதை வெள்ளையாக்கித் தரச் சொல்லி, சுருக்கம் எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்ததில்லை. ஒருவர்கூட. அதே தோலுக்குப் பெண்கள் மட்டும் வாரா வாரம் வருகிறார்கள்.

அந்த இடத்தில் நிறமி செல்கள் ஹார்மோனுக்குக் காது கொடுப்பவை. வயதுக்கு வரும்போது கறுக்கும், கர்ப்பத்தில் இன்னும் கறுக்கும். முகம் மாநிறமாக இருந்தாலும் அங்கே கருஞ்சிவப்பாக, ஓரம் மட்டும் கறுப்பாக, ஒரு பக்கம் ஒரு நிறம் மறுபக்கம் ஒரு நிறமாக இருக்கலாம். உள் இதழ் வெளி இதழுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், இடது நீளமாக வலது குட்டையாக இருக்கலாம், ஓரம் வெற்றிலை மாதிரி நேராகவும் இருக்கலாம், வாழைப்பூ மடல் மாதிரி அலை அலையாகவும் இருக்கலாம்.

இது சமாதானத்துக்குச் சொல்வதில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். 2005-இல் லண்டனில் ஐம்பது பெண்களை அளந்தார்கள். உள் இதழின் நீளம் இரண்டு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை. அகலம் ஏழு மில்லிமீட்டரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை. ஏழு மடங்கு வித்தியாசம்! மூக்கில் இப்படி வித்தியாசம் இருந்தால் ஊரில் சிலர் மூக்கு மொச்சைக்கொட்டையாகவும் சிலர் மூக்கு முருங்கைக்காயாகவும் இருக்கும். 2018-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் பதினைந்து வயது முதல் எண்பத்து நான்கு வயது வரை 657 பெண்களை அளந்தார்கள். அதிலும் இதே கதைதான், இதுதான் சராசரி உருவம் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. நம் ஊர்ப் பெண்களை இப்படி அளந்த பெரிய கணக்கு எதையும் நான் படித்ததில்லை. ஆனால் நாள் முழுக்கப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்று போல் இன்னொன்று இருந்ததில்லை.

சிதம்பரத்தில் நின்று பேசுவதால் கொஞ்சம் தமிழுக்குள் போய்விட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உ.வே.சாமிநாதையர் இந்த ஊரில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக மூன்று வருஷம் இருந்தார், 1924 முதல் 1927 வரை. பத்து வருஷம் கழித்து அவர் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்தார். அதில் வெள்ளிவீதியார் என்ற பெண் புலவரின் பாட்டு உண்டு. காதலன் இல்லாமல் தன் அழகு வீணாகிறதே என்று புலம்புகிறாள் ஒருத்தி. எந்த அழகு? தன் மாமை நிறமும், அல்குலில் படர்ந்த திதலையும். அல்குல் என்றால் இடுப்பின் பக்கமா, அடிவயிற்றின் கீழா என்று புலவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். திதலை என்றால் தேமல் மாதிரிப் படரும் புள்ளிகள். சங்கப் பாட்டில் தித்தி, சுணங்கு, திதலை என்று தோலில் தெரியும் புள்ளிக்கு மட்டும் இத்தனை சொற்கள், எல்லாமே புகழ்ச்சி. மாமை என்பது மாந்தளிர் நிறம். புள்ளியும் மாநிறமும் அழகு என்று ஒரு பெண்ணே வாய்விட்டுச் சொல்லியிருந்த மொழியில், இன்று அதே இரண்டையும் நீக்க என்ன க்ரீம் என்று சீட்டு எழுதுகிறோம்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம்? 1975-இலிருந்து முகத்துக்கு சிவப்பழகு விற்றார்கள். அந்தப் பிரபலமான க்ரீம் 2020-இல் தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆனால் அதற்குள் முகத்திலிருந்து அக்குளுக்கு, அக்குளிலிருந்து கீழே என்று சந்தை இறங்கிவிட்டது. 2012-இல் டிவியில் ஒரு விளம்பரம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கணவன் பேப்பர் படித்துக்கொண்டு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பான், அவள் ஒரு திரவத்தால் கழுவிக்கொண்டு வருவாள், உடனே அவனுக்குக் காதல் வந்துவிடும். அப்போது நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது. இப்போது அதே மாதிரி பாட்டில் பெரிய மெடிக்கல் ஷாப்பின் முன்வரிசையில் இருக்கிறது, யாரும் கோபப்படுவதில்லை.

வெள்ளையாக்கும் வழிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அமிலத்தால் மேல்தோலை உரிப்பது, லேசர், ஹைட்ரோகுவினோன் க்ரீம், குளூட்டாதையோன் ஊசி என்று நகரத்தில் எல்லாமே கிடைக்கிறது. நம் தோலுக்கு ஒரு சுபாவம் உண்டு. காயம்பட்டால், சூடுபட்டால், ஆறும்போது முன்பைவிடக் கறுக்கும். நெற்றியில் பருவைக் கிள்ளினால் கறுப்புத் தழும்பு நிற்கிறதே, அதுதான். மெல்லிய, ஈரமான, நாள் முழுக்க உரசும் இடத்தில் அமிலத்தை வைத்தால் என்ன ஆகும்? பணம் கொடுத்துக் கறுப்பு வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம்களில் இன்னொரு ஆபத்து. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023 வாக்கில் சிறுநீரகம் பழுதாகி வந்த பலருக்கு, அவர்கள் பூசிய க்ரீமிலிருந்த பாதரசம்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஒரு விதிவிலக்கு. தொடையிடுக்கில் கறுப்போடு தோல் வெல்வெட் துணி மாதிரி தடித்து, கழுத்துப் பின்புறத்திலும் அப்படியே இருந்தால் க்ரீம் தேடாதீர்கள், சர்க்கரை பரிசோதனை செய்யுங்கள். மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பு இன்சுலினோடு மல்லுக்கட்டுகிறது என்பதன் அடையாளம் அது. எடை குறைந்தால் கறுப்பும் மெல்லக் குறையும்.

முடிக்கு வருவோம். முடி இருப்பது அழுக்கு இல்லை. உரசலிலிருந்து தோலைக் காக்கிறது. எடுத்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு சின்னக் கத்தரிக்கோல். ஒட்ட மழித்தால் சுருள்முடி திரும்பி வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும், கட்டி கட்டியாக வரும். அதைத்தான் பலர் ‘சூட்டுக் கொப்புளம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முடி நீக்கும் க்ரீம் வெளி இதழைத் தாண்டி உள்ளே பட்டால் வெந்துவிடும். லேசர் வைப்பதென்றால் நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகை ஓரளவு பாதுகாப்பு. முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு, எட்டு தடவை போகவேண்டும். நரைமுடிக்கு வேலை செய்யாது.

‘ஆபரேஷன் செஞ்சு சின்னதாக்கலாமா?’ என்று ஒரு சீட்டு. அந்த அறுவை சிகிச்சைக்கு லேபியாபிளாஸ்டி என்று பெயர். உள் இதழை ஓரமாக வெட்டியோ, நடுவில் ஆப்பு மாதிரி வெட்டித் தைத்தோ செய்கிறார்கள். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் கிள்ளுகிறது, நடந்தால் புண்ணாகிறது என்று நிஜமாகவே அவதிப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன், நல்ல அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவேன். அழகுக்காக என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். தையல் விட்டுப் போகலாம், தழும்பு வலிக்கலாம். அந்த ஓரத்தில் நரம்பு நுனிகள் அதிகம், உணர்ச்சி குறையலாம். பதினெட்டு வயதுக்குள் தொடவே கூடாது, வளர்ச்சியே முடிந்திருக்காது. எழுதியவருக்கு ஒரு கேள்வி: அது பெரிதாக இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? செல்போன் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சொல்லியிருந்தால், அந்தப் படத்தில் வருகிறவர்களையும் வெட்டித்தான் காட்டுகிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

‘இளமை திரும்பும் லேசர்’ விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டி ஒரு சீட்டு வந்திருக்கிறது. 2018 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்தக் கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது வேறு நோய்களுக்கு, இளமைக்கு இல்லை. தீக்காயம், தழும்பு, உறவின்போது வலி என்று புகார்கள் வந்திருக்கின்றன என்றது. மாதவிலக்கு நின்றபின் வறட்சி, எரிச்சல் என்றால் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், லேசர் அளவுக்குச் செலவாகாது.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் அம்மாக்கள் விடியற்காலையிலிருந்து ஈரப் பாவாடையோடு நிற்கிறார்கள். புவனகிரிப் பக்கம் நடவு நடுகிறவர்களும் அப்படித்தான். தொடையிடுக்கில் படர்தாமரை வராமல் என்ன செய்யும்? நேராக மெடிக்கலுக்குப் போய், அங்கே நிற்கும் பையனிடம் கூச்சத்தோடு “அரிப்புக்கு ஏதாச்சும் குடு தம்பி” என்பார்கள். அவனும் நாலு மருந்து கலந்த ஒரு டியூபைக் கொடுப்பான். அதில் ஒன்று க்ளோபிட்டாசால், ஸ்டீராய்டுகளிலேயே பலமானது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். பூஞ்சை நிற்காது, உள்ளுக்குள் பரவும். மாதக் கணக்கில் தடவினால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, தொடையில் பிள்ளை பெற்ற வயிறு மாதிரி வரி விழும். அந்த வரி போகாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த க்ரீம்களை விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கறாராக அறிவித்தது. கடைக்குப் போய்ப் பாருங்கள்.

ஆனால் அதே க்ளோபிட்டாசால் ஒரு நோய்க்கு அமிர்தம். கடைசியாக மடித்து வைத்த சீட்டு அதைப் பற்றியது. பென்சிலில் எழுதியிருக்கிறது, எழுத்து நடுங்கியிருக்கிறது. அப்படியே படிக்கிறேன்: ‘எனக்கு அறுவத்திரெண்டு வயசு. அடியில வெள்ளையா ஆயிட்டு வருது. ராத்திரி அரிப்பு தாங்கல. சொறிஞ்சா ரத்தம் வருது. ஏழு வருசமா இருக்கு. யாருகிட்டயும் சொல்லல.’

மற்ற எல்லாச் சீட்டும் நோய் இல்லாததை நோய் என்று பயந்து எழுதியது. இது மட்டும் நோய். வெறும் வெண்புள்ளி என்றால் தோலின் நிறம்தான் போகும், அரிக்காது, தோல் மெலியாது. வெளுப்பும், ராத்திரி அரிப்பும், சிகரெட் தாளைக் கசக்கின மாதிரி சுருங்கிய தோலும் சேர்ந்தால் லைக்கன் ஸ்க்லரோசஸ் என்ற நோயாக இருக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம், சின்னப் பெண் குழந்தைகளுக்கும் வரும். தொற்றாது. யாரிடமிருந்தும் வந்ததில்லை. கவனிக்காமல் விட்டால் உள் இதழ்கள் ஒட்டி மறைந்துகொண்டே போகும், வாசல் குறுகும், நூறில் ஒரு சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். மருத்துவம் அந்த ஸ்டீராய்டு களிம்புதான். பட்டாணி அளவைவிடக் குறைவாக, தினம் ராத்திரி ஒரு வேளை, சுமார் மூன்று மாதம், பிறகு குறைத்துக்கொண்டு, மருத்துவர் பார்வையில். ஒரே டியூப், ஒருத்திக்கு விஷம், இன்னொருத்திக்கு மருந்து. எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆறாத புண், கெட்டியான முடிச்சு, புதிதாக வந்து பெரிதாகும் கரும்புள்ளி, இவையும் பார்க்கவேண்டியவை. பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். குளித்துவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மாதம் ஒரு முறை. இன்று எப்படி இருக்கிறது என்று தெரிந்தவளுக்குத்தான் நாளை மாறினால் தெரியும். கழுவுவதற்குத் தண்ணீர் போதும். டெட்டால், பாட்டில் திரவம், மஞ்சள் தூள் எதுவும் வேண்டாம்.

அந்தப் பென்சில் சீட்டை எழுதியவர் இந்த அறையில்தான் இருக்கிறீர்கள். யார் என்று நான் கேட்கமாட்டேன், திரும்பிப் பார்க்கவும் யாரும் வேண்டாம். இங்கே அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, கடலூரில் மஞ்சக்குப்பத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சீட்டு போடும் இடத்தில் ‘தோல் டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் போதும், எங்கே என்று சொல்லவேண்டியதில்லை. அங்கேயும் போகக் கூச்சமாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் நான் பின் அறையில் ஏழு மணி வரை இருப்பேன். கதவு சாத்தியிருக்கும். தட்டிவிட்டு வாருங்கள்.